சுகம் என்று எழுதவிடாத மேட்ரன்

"எங்க வலிக்குது? ஒரு விரலால தொட்டுக் காட்டு."

எங்கள் போர்டிங்கில் படித்த எவனும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. சிக் ரூம் வாசலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நிற்கிற பையனிடம் மேட்ரன் அம்மா முதலில் கேட்பது இதுதான். ஒரு விரலால் தொட்டுக் காட்டினால் அது வலி. உள்ளங்கையை விரித்து வயிறு முழுக்கத் தடவிக் காட்டினால் அது கணக்குப் பாடம். "அஞ்சு விரல் வலிக்கு என்கிட்ட மருந்தில்ல. போ, மணி அடிச்சாச்சு" என்று அனுப்பிவிடுவார்.

ஒரு விரலால் காட்டியவனையும் சும்மா விடமாட்டார். "எப்படி வலிக்குது? ஊசி குத்துற மாதிரியா, கல்லு வச்ச மாதிரியா? விட்டு விட்டா, விடாமலா?" என்று அடுத்த விசாரணை. "தெரியல மேட்ரன் அம்மா, சும்மா வலிக்குது" என்றால் கட்டிலைக் காட்டுவார். "உட்காரு. தெரிஞ்ச பிறகு சொல்லு. நான் எங்கயும் போகல."

மாத்தளை டவுனுக்கு மேலே மலைச் சரிவில் இருக்கிற பழைய ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் எங்களுடையது. எங்களுடையது என்கிறேனே தவிர, நான் அங்கே படித்தவனில்லை. போர்டிங் ஸ்டோரில் அரிசி பருப்பு எடுத்துக் கொடுத்தவன். பிள்ளைகள் என்னை 'ஸ்டோர் நானா' என்பார்கள்; நானா என்றால் எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்த மேட்ரன் அம்மாவும் நானா என்றுதான் கூப்பிட்டார்.

இந்தப் போர்டிங்கில் இருந்து கவிஞர்களும் கதை எழுதுகிறவர்களுமாக ஒரு கூட்டமே புறப்பட்டுப் போயிருக்கிறது. அவர்களைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எங்கள் லைப்ரரியைச் சொல்வார்கள், தமிழ் மாஸ்டர்மாரைச் சொல்வார்கள், மலையையும் மழையையும்கூடச் சொல்வார்கள். நான் பார்த்த அளவில், அவர்களில் பாதிப் பேர் ஒரு விஷயத்தை உள்ளது உள்ளபடி சொல்லப் பழகியது சிக் ரூம் கட்டிலில்தான்.

ஒருத்தன், எட்டாம் வகுப்புப் பையன், வயிற்றின் வலது பக்கம் விரலை வைத்துக்கொண்டு வந்தான். வழக்கமான கேள்வி. அவன் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னான்: "உள்ளுக்கு ஒரு ஆள் இருந்துகிட்டு ஈரத் துணியைப் பிழியிற மாதிரி இருக்கு மேட்ரன் அம்மா. பிழிஞ்சு முடிச்சிட்டு, உதறி, மறுபடியும் பிழியிறான்." மேட்ரன் அம்மா தெர்மாமீட்டரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. "நானா, ஓடுங்க, வண்டியைக் கூப்பிடுங்க" என்றார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்றார்களாம் ஆஸ்பத்திரியில். அந்தப் பையன் இன்றைக்குக் கவிஞன். மேடையில் அவனுக்கு மாலை போடும்போதெல்லாம் எனக்கு அந்த ஈரத் துணிதான் ஞாபகம் வரும்.

பொய் சொல்லிப் படுக்க வருகிறவர்களும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். காதைப் பொத்திக்கொண்டு வந்து, "லயத்து வீட்டுத் தகரத்துல மழை பெய்யிற மாதிரி காதுக்குள்ள கேட்குது" என்றான் இன்னொருத்தன். மேட்ரன் அம்மா காதைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார். "காதுல ஒண்ணுமில்ல. பொய்தான். ஆனா உட்கார்ந்து வேலை செஞ்சு சொன்ன பொய். அரை நாள் படு."

"அப்ப முழுசா நம்பியிருந்தா ஒரு நாளா, மேட்ரன் அம்மா?"

"வாயை மூடிட்டுப் படுடா."

ஞாயிற்றுக்கிழமை அவருடைய நாள். காலையில் பாணும் சம்பலும் தின்று முடித்ததும் மேசைகளைத் துடைத்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் சாப்பாட்டு மண்டபத்திலேயே உட்கார்ந்து வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதியதை ஒட்டாமல் மேட்ரன் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாசித்த பிறகுதான் ஒட்டுவது. திங்கட்கிழமை தபால் கந்தோருக்குக் கொண்டுபோவது என் வேலை. வெள்ளைக்காரர் காலத்தில் வைத்த சட்டம் அது. சாப்பாட்டைப் பற்றி, அடியைப் பற்றிப் பையன்கள் வீட்டுக்குக் கோள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது.

இவர் கைக்கு வந்ததும் அந்தச் சட்டம் தலைகீழானது. சாப்பாட்டைத் திட்டி எழுதிய கடிதங்கள் ஒரு சொல் குறையாமல் போயின. திரும்பி வந்ததெல்லாம் "நான் சுகம், நீங்கள் சுகமா?" என்று எழுதியவைதான்.

"இதைப் படிச்சிட்டு உங்கம்மா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்பார்.

பையன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான்.

"மடிச்சு வைப்பாங்க. வேற என்ன பண்ண முடியும்? செருப்பு அறுந்து போச்சுன்னு எழுது. எந்தக் கால் செருப்புன்னு எழுது. புட்டு வேகலன்னு எழுது, நானா கோவிச்சுக்க மாட்டாரு. படிக்கிறப்ப உன்னைக் கண்ணு முன்னால பார்க்கணும் அவங்க."

ஒரு தடவை யட்டவத்தப் பக்கத்தில் இருந்து ஒரு தகப்பன் கோபமாக வந்தார். மகன் எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டுத் தாய் இரண்டு நாளாக அழுகிறாளாம். போர்வைக்குள் கால் மட்டும் சூடாகாமல் படுத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறான். மேட்ரன் அம்மா அவரை உட்கார வைத்துப் பிளேன்டி கொடுத்தார். "அழட்டுங்க. பிள்ளையைப் பத்தி அழறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. அடுத்த தடவை வரும்போது ஒரு ஜோடி காலுறை கொண்டு வாங்க" என்றார். வந்தவர் பிளேன்டியைக் குடித்துவிட்டுப் போனார். காலுறை வந்தது.

எனக்கும் அவரோடு சண்டை இருந்தது. என் உம்மா படுத்த படுக்கையாக இருந்த காலத்தில் தினமும் கேட்பார்: "உம்மா எப்படி நானா?" நான் "சுகம்" என்பேன். "சுகம்னா? நேத்து எத்தனை வாய் கஞ்சி குடிச்சாங்க? பக்கம் திரும்பிப் படுத்தாங்களா?" எனக்கு எரிச்சலாக வரும். என் வீட்டுக் கஞ்சியை இந்தப் பொம்பளை ஏன் கேட்கிறது? ஆனால் பதில் சொல்ல வேண்டுமே என்று பார்க்கத் தொடங்கினேன். பார்த்ததால்தான் உம்மாவின் கடைசி மாதங்கள் இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன.

ஒல்லியான ஆள். வெள்ளைச் சேலை. மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, கறுப்பு நூலால் கட்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அவரிடம் கேட்கிற தைரியம் யாருக்கும் இருக்கவில்லை. கேட்டிருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லியிருப்பார், அதுவே பயம்.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுத முடியாது.

எல்கடுவத் தோட்டத்துப் பையன் ஒருத்தன் ஓ.எல். என்கிற அரசாங்கப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அதிகம் பேசாத பிள்ளை. தாய் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள். அவர்கள் இருந்த லயத்து வீட்டு வரிசையில் இருந்து அந்தப் பரீட்சைக்கு வந்த முதல் ஆள் அவன்தான். பரீட்சையில் இன்னும் மூன்று நாள் இருக்கும்போது அவனுடைய மாமா கேட்டில் வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை. "அக்காவுக்கு ரொம்ப முடியல. கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. பையனைக் கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

பள்ளிக்கூட அதிபர் அவரைத் தன் கந்தோர் அறைக்குள் கூப்பிட்டார். மேட்ரன் அம்மாவையும் கூப்பிட்டார். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோன நானும் கதவோரம் நின்றேன்.

"மூணு நாள்தான். இப்ப போனா ஒரு வருஷம் போயிடும். திரும்பி வருவானான்னும் தெரியாது, மலையில கொழுந்து வேலைக்குப் போயிடுவான். அவன் படிக்கணும்னுதானே அந்தம்மா இத்தனை கஷ்டப்பட்டாங்க" என்றார் அதிபர்.

மாமா தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். "பெரியவங்க சொன்னா சரிங்க."

"பையன் கேட்டா எல்லாரும் சுகம்னு சொல்லிருங்க மேட்ரன்."

"எனக்கு அது வராதுங்க சேர்."

"ஒரு சொல்லுதானே."

மேட்ரன் அம்மா மாமாவைப் பார்த்தார். அந்த மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். எதற்காகக் கும்பிட்டார், சொல்லுங்கள் என்றா, சொல்லாதீர்கள் என்றா, எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. மேட்ரன் அம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

அன்றைக்குப் பின்னேரம் கொத்தமல்லித் தண்ணீர் கொடுக்க சிக் ரூமுக்குப் போயிருந்தேன். பையன் வந்து வாசலில் நின்றான்.

"மேட்ரன் அம்மா, கேட்டுப் பக்கம் எங்க மாமா மாதிரி ஒருத்தர் போனாரே. வீட்டுல ஏதாவதா?"

"எல்லாரும் சுகம். நீ போய்ப் படி."

அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு "சரி" என்றான். போய்விட்டான். மேட்ரன் அம்மா அலுமாரியைத் திறந்து, ஏற்கெனவே வரிசையாக இருந்த போத்தல்களை எடுத்து மறுபடியும் வரிசையாக வைத்தார்.

மறுநாள் அவனுடைய தாய் இறந்துபோனாள். அதற்கடுத்த நாள், கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு வெளியே வந்தவனிடம் அதிபர் சொன்னார். பையன் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது. போர்டிங்கில் இருந்த துணிப் பெட்டியை எடுக்கக்கூட அவன் திரும்பி வரவில்லை. மாமாதான் வந்து எடுத்துப் போனார்.

பரீட்சை பாஸாகிவிட்டான். நன்றாகவே பாஸாகிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்ரன் அம்மா வழக்கம்போல் கடிதங்களை வாசித்தார். ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. "நான் சுகம், நீங்கள் சுகமா" என்று இரண்டு வரி எழுதியவனுடையதும் அப்படியே என் கைக்கு வந்தது.

"இதை விட்டுட்டீங்களே" என்றேன்.

"சுகம்னு எழுதியிருக்கான். சுகமா இருந்துட்டுப் போறான். கேட்க நான் யாரு நானா?"

ஓய்வு பெறும்வரை அப்படித்தான். வலிக்கிற இடத்தை விரலால் காட்டச் சொல்வார், மாத்திரை கொடுப்பார். எப்படி வலிக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டார்.

அந்த எல்கடுவப் பையன் பெரிய எழுத்தாளனாக வந்தான். அவன் எழுதியதிலேயே பெயர் வாங்கிக் கொடுத்த கதை அதுதான். சாகக் கிடக்கிற தாயை மகனிடமிருந்து மறைத்த ஒரு மேட்ரன். கண்ணாடியில் கறுப்பு நூல். பள்ளிக்கூடத்தின் பெயர் கதையில் இல்லை. இருந்தும் இங்கே எல்லாருக்கும் தெரியும். புதிதாக வந்த மாஸ்டர்மார் அதை வகுப்பில் வாசித்துவிட்டு, "கல்நெஞ்சக்காரி" என்று பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் யட்டவத்தயில் அண்ணன் மகள் வீட்டில் இருந்தார். புத்தகத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் யாரோ சொல்லிக் கேள்விப்படுவதைவிட வாசிப்பது மேல் என்று தோன்றியது. முழுவதையும் என் முன்னாலேயே வாசித்தார்.

"கண்ணாடி நூலைச் சரியா எழுதியிருக்கான். அன்னைக்கு நான் பச்சைச் சேலை கட்டியிருக்கல. மத்ததெல்லாம் சரி."

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்து விழா எதற்கும் அவர் வந்ததில்லை. வண்டி அனுப்பினாலும் வரமாட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன் பழைய மாணவர்கள் சேர்ந்து, போர்டிங்கில் இருந்து எழுத வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அவனும் வந்திருந்தான். தாடியில் நரை. பொன்னாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு, கூட்டத்தை விட்டு விலகி, நேராக என்னிடம் வந்தான்.

"நானா, மேட்ரன் அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"கூட்டிட்டுப் போறீங்களா?"

அவன் என்ன கேட்கப் போகிறானோ என்று எனக்குப் பயம். இவ்வளவு காலம் கழித்து, அந்த வயதில், அவரைக் குற்றவாளியாக நிறுத்தப் போகிறானோ? இருந்தாலும் த்ரீவீலில் ஏற்றிப் போனேன்.

மேட்ரன் அம்மா ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். அவனை அடையாளம் காண ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. "வா" என்றார். அவன் உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லிட்டுப் போயிடுறேன் மேட்ரன் அம்மா. அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க சுகம்னு சொன்ன அந்த நிமிஷமே தெரியும். அந்தச் சொல்லை நீங்க யாருக்கும் சொன்னதில்ல. வீட்டுல என்னமோ நடந்திருக்குன்னு விளங்கிருச்சு. இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்க. நான் கேட்கல. அடுத்த நாள் கணக்குப் பேப்பர். கதையில இதை எழுதாம விட்டுட்டேன். எல்லாத்தையும் உங்க தலையில போட்டுட்டேன்."

முப்பது வருஷம் ஒரு மனுஷி தலைகுனிந்து இருந்தது இதற்காகவா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் அவனை அங்கேயே திட்டியிருப்பேன். அதற்குள் மேட்ரன் அம்மா பேசத் தொடங்கிவிட்டார்.

"உனக்கு அப்ப எத்தனை வயசு?"

"பதினாறு."

"எனக்கு நாப்பத்தேழு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "பதினாறு வயசுப் பிள்ளை பயந்துகிட்டுக் கேட்காம இருந்தது தப்பில்ல. அப்படி ஒரு இடத்துல உன்னைக் கொண்டுபோய் நிப்பாட்டினேன் பாரு, அதுதான் தப்பு. அது என்னோடது. இவ்வளவு காலம் நான் வச்சிருந்தேன். இப்ப வந்து கேட்டா உனக்குத் தரமாட்டேன். உட்காரு."

அவன் தரையில் உட்கார்ந்தான். பெரிய மனுஷன், விழாவுக்கு உடுத்திய வேட்டி சட்டையோடு, சீமெந்துத் தரையில்.

"கதையை மாத்தி எழுதுறேன்" என்றான்.

"மாத்தாத. உங்கம்மா கண்ணை மூடுற இடம் நல்லா வந்திருக்கு. ஆனா அப்படி நடக்கல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நான் போயிருந்தேன். ரெண்டாம் நாள், பல்லு வலின்னு லீவு சொல்லிட்டு, காலை ரயில்ல கண்டிக்குப் போனேன். மத்தியானம் வரைக்கும் பக்கத்துல இருந்தேன். உன்னை நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். அதிபர் என்ன சொன்னாலும் சரின்னு முடிவு பண்ணிட்டேன். நான் பள்ளிக்கூடம் வந்து சேர முன்னாடி போன் வந்திருச்சு. அதுக்குப் பிறகு ஒரு பேப்பர் இருந்திச்சு. அன்னைக்கும் சொல்லாம விட்டேன். எத்தனையோ தடவை உனக்கு எழுதப் பார்த்தேன். வரல."

இது எனக்குமே புதுச் செய்தி. பல்லு வலி என்று நானும் நம்பியிருந்தேன்.

அவன் கேட்டான்: "அம்மா என்னைக் கேட்டாங்களா?"

யா அல்லாஹ், 'அவன் படிக்கட்டும்னு சொன்னாங்க' என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவனுக்கும் அது போதும், இவருக்கும் அது போதும். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கும் போதும்.

மேட்ரன் அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கேட்டாங்க. ரெண்டு தடவை. பரீட்சை எழுதுறான்னு சொன்னேன். கேட்டுகிட்டாங்க. ஆனா அதுக்குப் பிறகும், கூட்டிட்டு வாங்கன்னாங்க. கதவுப் பக்கத்துக் கட்டில். வலது கையில ஊசி போட்டிருந்திச்சு, அதனால இடது கையாலதான் என் சேலையைப் பிடிச்சாங்க. விரல் நுனியெல்லாம் கொழுந்துச் சாயம், கழுவியும் போகல. தண்ணி கேட்டாங்க, பஞ்சுல நனைச்சு வச்சேன். ரெண்டாவது தடவை கேட்டப்ப கதவைப் பார்த்துகிட்டே கேட்டாங்க. உன் பள்ளிக்கூடப் பேரைச் சொல்லிக் கேட்கல. வீட்டுல கூப்பிடுற பேரைச் சொல்லித்தான் கேட்டாங்க."

அந்தப் பேரை மேட்ரன் அம்மா சொன்னார். பதிவேட்டில் இல்லாத பேர். போர்டிங்கில் எங்களில் ஒருவருக்கும் தெரியாத, லயத்துக்குள்ளேயே நின்றுவிட்ட ஒரு பேர். தாய் கூப்பிட்ட மாதிரியே, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்.

அவன், "ஆ" என்றான். கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடுக்கிற மாதிரி.

நான் எழுந்து வெளியே வந்து த்ரீவீல்காரனோடு நின்றேன். உள்ளே இன்னும் ஒரு மணித்தியாலம் அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. போன வருஷம் அவர் காலமானபோது பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் அவனும் ஒருத்தன். அந்தக் கதை அப்படியேதான் இருக்கிறது; அவர் சொன்னபடி அவன் ஒரு வரியைத் தொடவில்லை. அதனால்தான் இதை நான் எழுத வேண்டியதாயிற்று. எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றான். அந்தப் பேரை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். விடச் சொல்லி அவன் கேட்கவில்லை, நானாகத்தான் விட்டேன்.